கட்டிக் கண்ணாடிச் சிற்பம்: உருக ஒரு நாள், ஆற இரண்டு வாரம்

கேள்வி இது: "லிபென்ஸ்கி, பிரிக்தோவா தம்பதியின் கண்ணாடித் தலைகளைப் படங்களில் பார்த்தேன். உள்ளே கூடு இல்லை, முழுக் கட்டி. ஊதிச் செய்ததுபோலத் தெரியவில்லை. இவ்வளவு தடிமனான கண்ணாடி விரிசல் விடாமல் எப்படி வருகிறது? அவர்களே கையால் செய்தார்களா? சிறிய அளவில் ஒருவர் முயன்றால் கணக்கு என்ன?"

ஊதவில்லை, வார்த்தார்கள். ஊதுகிறவர் ஏறத்தாழ 1100 டிகிரி செல்சியஸில் தேன்போல இளகிய கண்ணாடியைக் குழல் முனையில் சுற்றி எடுத்து, அது இறுகுவதற்குள் வடிவம் பிடிக்க வேண்டும். சுவர் மெல்லியதாக இருப்பதால் பொருள் ஓர் இரவில் ஆறிவிடும். கண்ணாடியை அச்சுக்குள் வைத்துச் சூளையில் உருக்கும் சூளை வார்ப்பின் இயல்பே வேறு. கண்ணாடி சூடாக இருக்கும் நேரம் முழுக்கச் சிற்பியின் கை அதன்மேல் படுவதில்லை. களிமண்ணிலும் மெழுகிலும் அச்சிலும் முதல் பாதி வேலை, அரைத்துத் தேய்ப்பதில் கடைசிப் பாதி வேலை. இடையில் சூளை மூடியே இருக்கும். மூடியிருக்கும் அந்த நாட்களில் பெரும்பங்கு உருக்குவதற்குப் போவதில்லை, ஆறவைப்பதற்குப் போகிறது. எந்த வடிவம், எவ்வளவு தடிமன், எந்த நிறம், ஆண்டுக்கு எத்தனை சிற்பம் என்ற எல்லா முடிவுகளையும் ஆறும் நேரத்தை முன்வைத்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த இருவரைப் பற்றி. ஸ்தானிஸ்லாவ் லிபென்ஸ்கி 1921-இல் பிறந்தவர், அடிப்படையில் ஓவியர். யரோஸ்லவா பிரிக்தோவா 1924-இல், செக் நாட்டின் வடபகுதியில் உள்ள ஜெலெஸ்னி பிரோட் என்ற சிற்றூரில் பிறந்தவர், சிற்பி. 1920-இல் அங்கே தொடங்கிய கண்ணாடித் தொழிற்பள்ளியை உருவாக்கியவர்களில் அவருடைய தந்தை யரோஸ்லாவ் பிரிக்தாவும் ஒருவர். லிபென்ஸ்கி வரைந்த ஒரு தலையை அடிப்படையாக வைத்து 1955-56-இல் பிரிக்தோவா ஒரு கிண்ணம் வார்த்தார். அந்தக் கூட்டு வேலை அரை நூற்றாண்டு தொடர்ந்தது. 1963-இல் மணம் செய்துகொண்டார்கள். லிபென்ஸ்கி 2002-இலும் பிரிக்தோவா 2020-இலும் மறைந்தார்கள்.

"அவர்களே செய்தார்களா" என்பதற்கு விடை அவர்களுடைய வேலைப் பிரிவினையில் இருக்கிறது. லிபென்ஸ்கி பெரிய தாள்களில் கரியால் வரைவார். ஒளி எங்கே நுழையும், எங்கே தேங்கும் என்பது அந்தக் கரியின் அடர்த்தியிலேயே முடிவாகிவிடும். பிரிக்தோவா அதைக் களிமண்ணில் முப்பரிமாணமாக்குவார். அதிலிருந்து பிளாஸ்டர் மாதிரி, பிறகு சூளை அச்சு. சூளையும் அச்சுக்காரர்களும் அரைப்பாளர்களும் ஜெலெஸ்னி பிரோட் கண்ணாடித் தொழிற்சாலையைச் சேர்ந்தவர்கள். அங்கே கட்டடக் கண்ணாடிப் பிரிவை 1950 முதல் 1984 வரை நடத்தியவர் பிரிக்தோவாதான். ஒரு தொழிற்சாலையின் சூளை மாதக்கணக்கில் ஒரே கட்டிக்காக எரியலாம் என்ற வசதி இல்லாமல் அந்த அளவுகள் சாத்தியப்பட்டிருக்காது. லிபென்ஸ்கியோ 1963 முதல் 1987 வரை பிராகில் பயன்பாட்டுக் கலை உயர்கல்விக் கூடத்தில் கண்ணாடித் துறையில் கற்பித்தார். அடுத்த தலைமுறை செக் கண்ணாடிச் சிற்பிகளில் பலர் அந்த வகுப்பிலிருந்து வந்தவர்கள்.

அருவமான வடிவங்களைச் செக்கோஸ்லோவாக்கியாவின் அன்றைய கம்யூனிஸ்ட் ஆட்சி எப்படி விட்டுவைத்தது என்று வியப்பு வரலாம். ஓவியத்தையும் சிலையையும் அரசு கண்கொத்திப் பாம்பாகக் கவனித்தது. கண்ணாடியோ கைத்தொழில் கணக்கில் வந்ததால் பிடி தளர்ந்திருந்தது. 1958 பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் இவர்களுடைய வேலை கிராண்ட் ப்ரீ விருது பெற்றபோது அரசுக்கும் அது பெருமையானது. பிடி முற்றிலும் விட்டுவிடவில்லை. 1970 ஒசாகா கண்காட்சிக்காகச் செய்த 'வாழ்வின் நதி' என்ற நீண்ட கண்ணாடிச் சுவரில், சோவியத் தலைமையில் 1968-இல் நடந்த படையெடுப்பைச் சுட்டும் ராணுவக் காலணித் தடங்கள் இருந்தன. அதற்காக அதிகாரிகளின் கோபத்துக்கு ஆளானார்கள்.

இனி நுட்பம். இவர்களின் முக்கியக் கண்டுபிடிப்பு கட்டியின் உட்புறத்தைச் செதுக்கியது. கல்லிலோ வெண்கலத்திலோ நாம் பார்ப்பது மேற்பரப்பை மட்டும். தெளிந்த கண்ணாடியில் பின்பக்கத்தைப் பள்ளமாகக் குடைந்தால், முன்பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு அந்தப் பள்ளம் கட்டிக்குள் மிதக்கும் புடைப்பாகத் தெரியும். முகத்தின் மூக்கைப் பின்னாலிருந்து உள்நோக்கிக் குடைய வேண்டும், அவ்வளவுதான். அப்படிக் குடைந்த இடத்தில் கண்ணாடி மெலிகிறது, மெலிந்த இடம் வெளிறுகிறது, தடித்த இடம் இருள்கிறது. ஒரே நிறக் கண்ணாடியிலிருந்தே வெளிர் சாம்பல் முதல் கறுப்பு வரை எல்லாப் படிநிலையும் கிடைக்கிறது. லிபென்ஸ்கியின் கரி ஓவியம் கண்ணாடிக்கு மாறிய வழி இது.

இதனால் நிறத் தேர்வில் ஒரு கணக்கு கட்டாயமாகிறது, புதிதாகத் தொடங்குகிறவர்கள் அநேகமாகத் தவறுவதும் இங்கேதான். 1 செ.மீ. தடிமன் 80 சதவீத ஒளியை விடும் கண்ணாடி, 5 செ.மீ.யில் 33 சதவீதத்தையும் 10 செ.மீ.யில் 11 சதவீதத்தையும்தான் விடும். 1 செ.மீ.யில் பாதி ஒளியை விடும் கண்ணாடி, மாதிரித் துண்டாகக் கையில் அழகான நீலமாக இருக்கும், 10 செ.மீ. கட்டியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மறுபக்கம் வரும், அதாவது நிலக்கரி. ஆகவே தடித்த வார்ப்புக்கு, மாதிரியில் "இதில் நிறமே இல்லையே" என்று தோன்றும் அளவுக்கு வெளிறிய சாயலை எடுக்க வேண்டும். அடர் நிறம் வேண்டுமானால் அதைத் தெளிந்த கண்ணாடியோடு கலந்து மெலிவிக்கலாம், ஆனால் இரண்டும் ஒரே தயாரிப்பாளரின் ஒரே வரிசையாக இருக்க வேண்டும். வெப்ப விரிவு எண் 90 உள்ள கண்ணாடியோடு 96 உள்ளதைக் கலந்தால் ஆறும்போது இரண்டும் வெவ்வேறு அளவு சுருங்கி, நிறங்கள் சந்திக்கும் கோட்டிலேயே பிளக்கும். எண் ஒன்றாக இருந்தாலும் போதாது, இளகும் தன்மையும் ஒத்துப்போக வேண்டும். ஜன்னல் கண்ணாடியும் பாட்டிலும் சேர்த்து உருக்கும் யோசனைகளை மறந்துவிடுங்கள்.

விரிசல் ஏன் வருகிறது? கண்ணாடி ஆறும்போது மேல்தோல் முதலில் இறுகுகிறது, நடு இன்னும் சூடு. பிறகு நடுவும் ஆறிச் சுருங்கப் பார்க்கிறது, ஆனால் ஏற்கெனவே இறுகிவிட்ட தோல் விட்டுக்கொடுக்காது. அந்த இழுபறி கட்டிக்குள் நிரந்தரமாகத் தங்கிவிடும். அதைத் தவிர்க்க ஒரே வழி, கண்ணாடி இன்னும் கொஞ்சம் நெகிழும் நிலையில் இருக்கும் வெப்பநிலையில் நிறுத்தி, தோலும் நடுவும் சமமாகும்வரை காத்து, பிறகு இரண்டும் சேர்ந்தே இறங்கும் வேகத்தில் இறக்குவது. பட்டறையில் இதற்கு அனீலிங் என்று பெயர். உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்ப வேறுபாடு, இறங்கும் வேகத்தோடு நேராகவும் தடிமனின் வர்க்கத்தோடும் கூடும். தடிமன் இரண்டு மடங்கானால் வேகத்தைக் கால்பங்காக்க வேண்டும். இந்த ஒரு விதியை நினைவில் வைத்தால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

அமெரிக்காவின் போர்ட்லண்டில் உள்ள புல்ஸ்ஐ நிறுவனம் தன் கண்ணாடிக்குக் கொடுக்கும் அட்டவணையைப் பாருங்கள். நிறுத்தும் வெப்பநிலை 482 டிகிரி. 25 மி.மீ. கட்டிக்கு அங்கே 4 மணி நேரம் நிறுத்தம். பிறகு 427 வரை மணிக்கு 15 டிகிரி, 371 வரை மணிக்கு 27, அறை வெப்பம் வரை மணிக்கு 90. மொத்தம் சுமார் 14 மணி நேரம். 50 மி.மீ. கட்டிக்கு 8 மணி நேர நிறுத்தம், முதல் கட்ட வேகம் மணிக்கு 3.8 டிகிரி, மொத்தம் 47 மணி. 100 மி.மீ. என்றால் 16 மணி நிறுத்தம், 0.94 டிகிரி, மொத்தம் 170 மணி, ஒரு வாரம். 150 மி.மீ.க்கு 375 மணி. 200 மி.மீ.க்கு 654 மணி, 27 நாட்களுக்கு மேல்.

இந்த எண்கள் மேலும் கீழும் சமமாக ஆறும் தட்டையான கட்டிக்கு உரியவை. அடியில் கனத்த பலகை, சுற்றிலும் பிளாஸ்டர் அச்சு என்று இருந்தால் ஒரு பக்கமாகத்தான் ஆறும். அப்போது தடிமனை இரண்டு மடங்காகக் கொண்டு வரிசையைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறது அதே அட்டவணை. அச்சின் கீழ் தூண்கட்டைகள் வைத்துக் காற்றோட்டம் விட்டால் இவ்வளவு தூரம் போக வேண்டாம். அட்டவணையில் அடுத்த தடிமனுக்கான வரிசையை எடுத்தால் பொதுவாகப் போதும்.

பெரிய அளவில் இந்த விதி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சிற்பத்துக்கு வெளியே ஒரு சான்று உண்டு. பாலோமார் தொலைநோக்கிக்காக 5.08 மீட்டர் விட்டக் கண்ணாடி வட்டை கார்னிங் தொழிற்சாலை 1934 மார்ச்சில் வார்த்தபோது, பள்ளம் விடுவதற்காக அச்சுக்குள் வைத்திருந்த கருக்கள் பெயர்ந்து உருகிய கண்ணாடியில் மிதந்துவிட்டன. டிசம்பரில் மறுபடி வார்த்தார்கள். அதை ஆறவைக்க ஏறக்குறைய பத்து மாதம் ஆயிற்று. நாளுக்கு ஒரு டிகிரிக்கும் குறைவான இறக்கம். இடையில் 1935 ஜூலையில் ஆற்று வெள்ளம் வந்து ஆலையின் மின்சாரத்துக்கே ஆபத்தானது. அது போரோசிலிக்கேட் கண்ணாடி, நாம் பேசும் கண்ணாடியைவிட மிகக் குறைவாகவே விரியும் வகை. அதற்கே அவ்வளவு. அமெரிக்கச் சிற்பி ரோனி ஹார்னின் 'பிங்க் டன்ஸ்' ஒவ்வொரு பக்கமும் சுமார் 1.22 மீட்டர் உள்ள ஒரே வார்ப்புக் கனசதுரம். எடை நாலரை டன். அப்படி ஒன்றின் முன் நிற்கும்போது பார்வையாளருக்கு இளஞ்சிவப்பு கண்ணில் படும், தொழில் தெரிந்தவருக்கு அது ஆறிய காலம்.

இப்போது நீங்கள் கேட்ட சிறிய கணக்கு. 25 செ.மீ. உயரம், 18 அகலம், மிகத் தடித்த இடத்தில் 10 செ.மீ. உள்ள ஒரு தலை என்று வைத்துக்கொள்வோம். மெழுகு மாதிரியின் எடை 3 கிலோ. மெழுகின் அடர்த்தி சுமார் 0.9, எனவே கன அளவு 3.3 லிட்டர். சோடா-சுண்ணக் கண்ணாடியின் அடர்த்தி 2.5, எனவே 8.3 கிலோ கண்ணாடி. அச்சின் வாய்ப் பகுதியிலும், கண்ணாடியை ஒழுகவிடும் மண்தொட்டியிலும் தங்குவதற்கு ஒரு கிலோவுக்கு மேல் சேர்த்து 9.5 கிலோ. கணக்கில் சந்தேகம் இருந்தால் மாதிரியைத் தண்ணீரில் அமிழ்த்தி வழியும் நீரை அளந்துகொள்ளுங்கள், மில்லி லிட்டர் ஒன்றுக்கு 2.5 கிராம். குறைவாக வைத்தால் நெற்றி இல்லாத தலைதான் கிடைக்கும். பிறகு சேர்க்க முடியாது.

மாதிரியை வடிவமைக்கும்போதே தடிமனைச் சமப்படுத்தப் பாருங்கள். 10 செ.மீ. கன்னத்தில் 5 மி.மீ. காது ஒட்டிக்கொண்டிருந்தால், காது ஆறும் வேகமும் கன்னம் ஆறும் வேகமும் எந்த அட்டவணையிலும் சேராது. லிபென்ஸ்கி, பிரிக்தோவா தலைகளில் காதும் முடியும் தனியாக நீட்டிக்கொண்டு நிற்காமல் கட்டியோடு கட்டியாக இருப்பதில் அழகுணர்ச்சிக்கு எவ்வளவு பங்கோ, ஆறும் கணக்குக்கும் அவ்வளவு பங்கு உண்டு.

அச்சுக்கு மெழுகைச் சுற்றிக் குறைந்தது 3 செ.மீ. சுவர் வேண்டும். 31க்கு 24க்கு 16 செ.மீ. பெட்டி என்றால் 11.9 லிட்டர், மெழுகைக் கழித்தால் 8.6 லிட்டர் கலவை. எடையில் பிளாஸ்டர் ஒரு பங்கு, சிலிக்கா மாவு ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு என்பது பரவலான சேர்மானம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 கிலோ பொடி போட்டால் சுமார் 1.8 லிட்டர் கலவை வரும். ஆகவே இந்த அச்சுக்கு 4.8 லிட்டர் தண்ணீர், பிளாஸ்டர் 4.8 கிலோ, சிலிக்கா 4.8 கிலோ. சிலிக்கா மாவின் தூசி நுரையீரலில் தங்கினால் வெளியே வராது. துணி முகமூடி போதாது. நுண்தூசிக்கான வடிகட்டி பொருத்திய சுவாசக் கவசம் வேண்டும், தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். பழைய அச்சை உடைக்கும்போதும் இதே எச்சரிக்கை. அப்போது வரும் தூசிதான் அதிகம்.

பொடியைத் தண்ணீரில் தூவ வேண்டும், தண்ணீரைப் பொடியில் ஊற்றக் கூடாது. இரண்டு மூன்று நிமிடம் ஊறவிட்டு, கையை அடியில் வைத்தே கலக்குங்கள், காற்று புகாமல் இருக்க. மெழுகின்மேல் முதலில் ஸ்பிரிட் (ஆல்கஹால்) தொட்ட துணியால் ஒரு துடைப்பு கொடுத்தால் கலவை வழுக்காமல் ஒட்டும். முதல் பூச்சைத் தூரிகையால் போடுங்கள். அங்கே தங்கும் ஒவ்வொரு காற்றுக் குமிழும் பிறகு முகத்தில் ஒரு கண்ணாடிப் பருவாக நிற்கும், அரைத்துத்தான் எடுக்க வேண்டும். மீதியைப் பெட்டியின் ஓரமாக ஊற்றி நிரப்புங்கள். வெளிச்சுவருக்குள் கோழி வலைக் கம்பி ஒரு சுற்று இருக்கட்டும். சூளையில் பிளாஸ்டர் தன் நீரை இழந்து பலவீனமாகும், சிலிக்காவோ 573 டிகிரியில் திடீரென விரியும். அச்சு விரிசல் காண்பது ஏறக்குறைய உறுதி. அது பிரிந்து விழாமல் பிடித்திருப்பது அந்தக் கம்பிதான். சூளைத் தரையில் மணல் பரப்பி வைப்பதும் இதற்காகவே. கசிந்த கண்ணாடி மணலில் விழுந்தால் நஷ்டம் ஒரு சிற்பம், செங்கல்லில் விழுந்தால் சூளையும் போகும்.

மூக்கு நுனி, தாடை போன்று கண்ணாடி மேல்நோக்கி ஏற வேண்டிய இடங்களிலிருந்து மெல்லிய மெழுகுக் குச்சிகளை அச்சின் வாய்வரை கொண்டுவாருங்கள், காற்று வெளியேறும் வழி அது. அச்சு இறுகியதும் தலைகீழாக வைத்து நீராவி காட்டினால் மெழுகு உருகி வடியும். சொட்டு நின்ற பிறகும் சிறிது நேரம் விடுங்கள், தங்கிய மெழுகு கரியாகிப் பரப்பில் சாம்பல் படலமாக ஒட்டும்.

உட்குழிவான பகுதி இருந்தால் இன்னொரு ஆபத்து. 482 டிகிரியிலிருந்து அறை வெப்பத்துக்கு வருவதற்குள் 25 செ.மீ. கண்ணாடி ஏறத்தாழ 1 மி.மீ. சுருங்கும். அந்தக் குழிவை நிரப்பி நிற்கும் அச்சுப் பகுதி, அதாவது அச்சுக்கரு, கடினமாக இருந்தால் கண்ணாடி அதை இறுக்கிப் பிடித்துத் தானே பிளக்கும். கருவுக்கு மட்டும் சிலிக்காவைக் கூட்டி, பிளாஸ்டரைக் குறைத்து, நகத்தால் சுரண்டினால் உதிரும் பதத்தில் செய்வார்கள்.

கண்ணாடியை எப்படி வைப்பது என்பது சிற்பத்தின் தெளிவைத் தீர்மானிக்கும். சிறு சில்லுகளாக நிரப்பினால் ஒவ்வொரு சில்லின் விளிம்பிலும் காற்று சிக்கி, கட்டி முழுக்கத் திரைபோல வெண்படலம் நிற்கும். சிலர் அதையே விரும்பிச் செய்கிறார்கள், உறைபனி போன்ற ஆழம் வரும். தெளிவு வேண்டுமானால் பெரிய கட்டிகளாக வைக்க வேண்டும், அல்லது அச்சுக்கு மேலே அடியில் 2 செ.மீ. துளையுள்ள மண்தொட்டியை நிறுத்தி அதிலிருந்து ஒழுகவிட வேண்டும். எப்படியானாலும் கண்ணாடியை ஸ்பிரிட்டால் துடைத்து, அதன்பின் வெறுங்கையால் தொடாமல் வையுங்கள். விரல் எண்ணெய் படிந்த இடத்தில் படிகம் முளைக்கும்.

சூளை ஏற்றம்: மணிக்கு 55 டிகிரி வேகத்தில் 93 வரை, அங்கே 6 மணி நேரம் அச்சின் ஈரம் போக. அச்சு பெரிதாகவோ புதிதாகவோ இருந்தால் 12 மணி கூட. அதே வேகத்தில் 677 வரை, 2 மணி நிறுத்தம். பிறகு வேகமாக 830-க்கு, அங்கே 3 முதல் 6 மணி. தொட்டியிலிருந்து ஒழுகினால் நேரம் கூடும், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எட்டிப்பார்க்கும் துளை வழியே பார்த்து முடிவு செய்யுங்கள். 700-க்கும் 800-க்கும் இடையில் நீண்ட நேரம் தேங்கவிட்டால் பரப்பில் பால்போன்ற படிகத் தோல் படரும். அந்த இடத்தை ஏறும்போதும் இறங்கும்போதும் விரைந்து கடக்க வேண்டும். 830-லிருந்து 482 வரை சூளையைத் திறக்காமல் தானாக இறங்க விடுங்கள். மூடியைத் தூக்கி அவசரப்படுத்தினால் பிளாஸ்டர் அச்சு வாய்பிளக்கும். இதுவரை ஏறத்தாழ ஒரு நாள் ஆகியிருக்கும். இனி 150 மி.மீ. வரிசையை எடுத்தால் 375 மணி, பதினைந்தரை நாள்.

அந்த நாட்களில் கவனிக்க வேண்டியது இரண்டு. சூளையின் கன்ட்ரோலர் காட்டுவது தெர்மோகப்பிள் என்ற வெப்ப உணரியின் முனையைச் சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை, கண்ணாடியின் வெப்பத்தை அல்ல. அச்சின் மேலும் கீழும் தனித்தனி தெர்மோகப்பிள் வைத்து, 482 நிறுத்தத்தின் முடிவில் இரண்டுக்கும் 5 டிகிரிக்கு மேல் வேறுபாடு இல்லை என்று உறுதிசெய்த பிறகே இறக்கத் தொடங்குவது நல்லது. அடுத்தது மின்தடை. 482-க்கும் 371-க்கும் இடையில் நின்றுபோனால் சூளையைத் திறக்காமல் இருங்கள். மின்சாரம் வந்ததும் மெதுவாக 482-க்கு ஏற்றி நிறுத்தத்தை முதலிலிருந்து தொடங்குங்கள். நாட்கள் வீணாகும், சிற்பம் தப்பும். ஏற்றுவதற்கும் தடிமன் விதி உண்டு என்பதை மறந்து வேகமாக ஏற்றுகிறவர்கள்தான் இந்த இடத்தில் இழக்கிறார்கள்.

சூளை அறை வெப்பத்துக்கு வந்தபின்னும் அச்சோடு ஒரு நாள் விடுங்கள். உள்ளே நடு இன்னும் வெதுவெதுப்பாக இருக்கலாம். அச்சை மரக்கருவியால் சிறிது சிறிதாக உதிர்த்து எடுங்கள், கழுவ அவசரம் வேண்டாம். வெதுவெதுப்பான கட்டியில் குளிர்நீர் பட்டு உடைந்த கதைகள் எல்லாப் பட்டறையிலும் உண்டு.

உடைந்தால் உடைந்த விளிம்பைத் தடவிப் பாருங்கள். விளிம்பு மழுங்கி உருண்டிருந்தால் ஏறும்போதே பிளந்து, பிறகு வெப்பத்தில் ஓரம் உருகியிருக்கிறது; ஏற்ற வேகம் அதிகம். விளிம்பு கத்திபோல் கூர்மையாக இருந்தால் ஆறும்போது நடந்தது. விரிசல் நிற எல்லையைப் பின்தொடர்ந்தால் பொருந்தாத கண்ணாடிகள். கட்டியைக் குறுக்காக வளைந்து கடந்தால் அனீலிங் போதவில்லை. அச்சுக்கருவைச் சுற்றி நின்றால் கரு கடினம். இந்த அடையாளங்களை எழுதிவைக்காமல் அடுத்த வார்ப்பில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுகிறவர்களுக்குக் காரணம் கடைசிவரை தெரியாது.

உடையாமல் வந்தாலும் நிம்மதி இல்லை. உள்ளிழுவை தங்கிய கட்டி அலமாரியில் மூன்று மாதம் அமைதியாக இருந்துவிட்டு ஒரு நாள் பிளக்கும். பரப்பில் உள்ள நுண்கீறல் காற்றின் ஈரத்தில் மெதுவாக வளர்வதே காரணம். அரைப்பதற்கு முன் சோதித்துவிடுவது புத்திசாலித்தனம். இரண்டு போலராய்டு தகடுகளை (ஒளியை ஒரு திசையில் மட்டும் அதிரவிடும் வடிகட்டிகள்) ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து, பின்னால் விளக்கு, நடுவே கண்ணாடி. பழைய எல்சிடி திரை இருந்தால் அதுவே ஒரு தகட்டின் வேலையைச் செய்யும். இழுவை இல்லாத இடம் இருண்டிருக்கும், இருக்கும் இடம் பளிச்சென்று ஒளிரும். அடர் நிறத்திலும் சொரசொரப்பான பரப்பிலும் இது தெரியாது. எதிரெதிர்ப் பக்கங்களில் ஒரு சிறு சன்னல் அளவுக்கு மெருகேற்றிப் பார்க்கலாம்.

பிறகு அரைப்பு. வாய்ப் பகுதியின் மிச்சத்தை வைர வாளால் நீரோடு அறுத்து, 80, 120, 220, 400, 600 என்று மணி எண் ஏற ஏற (எண் கூடினால் மணி நுணுகும்) தேய்த்து, பிறகு நுரைக்கல் (பியூமிஸ்) பொடி, கடைசியில் சீரியம் ஆக்சைடு என்ற மெருகுப் பொடி. ஒரு படியின் கீறல் முழுதும் போகாமல் அடுத்ததற்குத் தாவினால், மெருகேற்றிய பிறகு அது தோன்றும். மறுபடி 120-லிருந்து தொடங்க வேண்டும். மெருகேற்றும் கம்பள வட்டின் உராய்வுச் சூடே கட்டியைப் பிளக்கும், கை பொறுக்கும் சூட்டைத் தாண்டவிடாதீர்கள். எல்லாப் பக்கத்தையும் பளபளக்கச் செய்வது பெரும்பாலும் தவறு என்பது என் கருத்து. நாலு பக்கமும் மெருகேற்றினால் ஒளி கண்ணாடிக்குள் தங்காமல் ஊடுருவிப் போய்விடும், அறையின் பிம்பம்தான் தெரியும். பின்பக்கத்தை மங்கலாக விட்டால் ஒளி அங்கே சிதறி உள்ளே தங்கும்.

இன்றைய சிற்பிகள் இந்த எல்லைகளை எப்படிக் கடக்கிறார்கள்? 1967-இல் பிறந்த அமெரிக்கர் கேரன் லமான்ட், 1999-இல் பிராகுக்குப் போய், உடல் மறைந்து ஆடை மட்டும் நிற்கும் ஆளுயரக் கண்ணாடி உடைகளை வார்க்கத் தொடங்கினார். அவை மெழுகு வழி வார்ப்பு, பல பகுதிகளாக வார்த்துச் சேர்த்தவை. சுவர் ஓரளவு சீராக இருப்பதால் ஆளுயரமாக இருந்தும் ஆறும் நேரம் கட்டுக்குள் நிற்கிறது. ஸ்வீடனின் பெர்ட்டில் வாலியன் வேறு பாதை எடுத்தார். ஈர மணலில் படகு வடிவம் அழுத்தி, உலையிலிருந்து உருகிய கண்ணாடியைக் கரண்டியால் நேரே ஊற்றுவார். ஊற்றுவது நிமிடங்களில் முடியும், ஆனால் ஆறும் சூளைக்குப் போனதும் அதே வர்க்க விதிதான்.

உடைந்த தலையை மறுபடி உருக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். உருக்கலாம், அச்சு ஒட்டிய தோலை முழுதும் அரைத்து எடுத்த பிறகு. பிளாஸ்டரோ சிலிக்காவோ ஒட்டியபடி உருக்கினால் அந்தத் துகள்கள் உள்ளே வெண்புள்ளிகளாகவும் படிகங்களாகவும் நிற்கும். இரண்டாம் முறை கண்ணாடி சற்றே இறுகலாகும், சில சிவப்புகளும் மஞ்சள்களும் நிறம் மாறும். தெளிந்த கண்ணாடி என்றால் துணிந்து செய்யலாம். கலந்த நிறம் என்றால் 5 செ.மீ. துண்டு ஒன்றை மட்டும் முதலில் உருக்கி, 47 மணி நேர வரிசையில் ஆறவைத்து, போலராய்டில் பார்த்துவிட்டு மீதியைத் தொடுங்கள்.